பிட்காயின் மைனிங் மெஷின் வாங்குவது எப்படி: கரண்ட் கணக்கிலிருந்து முதல் பேஅவுட் வரை முழுமையான வழிகாட்டி

"ஏசிக் மெஷின் வாங்கப் போகிறேன், எந்த மாடல் நல்லது?" புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்த வழிகாட்டியில் மாடல் ஐந்தாவது படியில்தான் வரும். மெஷினை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற கரண்ட்டையும் இடத்தையும் அப்புறம் தேடுவதுதான் பணம் போகும் வழி. அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் மூன்று படிகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பாதிப் பேர் அங்கேயே "எனக்கு இது வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைனிங் என்பது, பிட்காயின் பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யும் கணக்குப் போட்டியில் மெஷினை ஓட்டி, வென்றால் பிட்காயினைப் பரிசாகப் பெறுவது. ஏசிக் (ASIC) என்பது ஒரே ஒரு கணக்கைப் போடுவதற்காகவே வடிக்கப்பட்ட சிப். பிட்காயின் மெஷின் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கை மட்டும் போடும். கிராபிக்ஸ் கார்டு என்றால் மைனிங்கை நிறுத்தினாலும் கேம் ஆடுபவருக்கு விற்கலாம். ஏசிக்குக்கு அந்த மாற்று வழி கிடையாது. மைனிங்கில் காசு வரவில்லை என்றால் அது இரும்பு விலைக்குத்தான் போகும்.

1. ஒரு யூனிட் கரண்ட் உங்களுக்கு என்ன விலை?

இப்போது பரவலாக விற்கும் மெஷின்களில் ஒன்று ஆன்ட்மைனர் எஸ்21. அதன் வேகம் 200 டெராஹாஷ் (நொடிக்கு 200 லட்சம் கோடி முறை அந்தக் கணக்கைப் போடும்), எடுக்கும் மின்சாரம் 3500 வாட். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 84 யூனிட், இரண்டு மாதத்துக்கு 5,040 யூனிட்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட்டைத் தாண்டியதும், 2024 ஜூலை கட்டணப்படி, யூனிட் 11.80 ரூபாய். "இப்போது எனக்கு யூனிட் ஐந்து ரூபாய்தான் ஆகிறது" என்று பழைய பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மெஷின் வந்தபின் கூடும் யூனிட்டில் பெரும்பகுதி மேல் அடுக்கில்தான் விழும். சராசரி விலையை விட்டுவிட்டு அந்தக் கடைசி அடுக்கின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதே தனிச் சிக்கல். எந்தப் பயன்பாட்டுக்காக இணைப்பு கொடுக்கப்பட்டதோ அதற்கு மாறாகப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். மீட்டரைத் தாண்டிக் கொக்கி போடும் யோசனை யாருக்காவது இருந்தால் மலேசியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் சரவாக்கின் மிரி நகரில், மின்திருட்டில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெஷின்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கினார்கள்.

சோலார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். 84 யூனிட்டுக்கு 21 கிலோவாட் பேனல் தேவை. பகலில் நல்ல வெயில் அடிக்கும் சுமார் ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால், மெஷினுக்குப் போட்ட பணம் திரும்ப நான்கு மடங்கு காலமாகும். அதற்குள் மெஷினே பழையதாகிவிடும்.

2. வருமானக் கணக்கை உங்கள் கையாலேயே போடுங்கள்

இணையத்தில் கால்குலேட்டர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு முறையாவது தாளில் போட்டுப் பார்த்தால்தான் எந்த எண் மாறினால் எது சரியும் என்று புரியும்.

2024 ஏப்ரல் ஹால்விங்குக்கு (சுமார் நான்கு வருடத்துக்கு ஒரு முறை பரிசு பாதியாவது) பின் ஒரு பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புக்கு, பரிசு 3.125 பிட்காயின். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் ஒரு நாளைக்கு 144 பிளாக், அதாவது 450 பிட்காயின். உலகத்து மைனர்கள் எல்லோரும் தங்கள் ஹாஷ்ரேட்டின் (மைனிங் வேகத்தின்) பங்குக்கு ஏற்ப இதைப் பிரித்துக்கொள்கிறார்கள். பரிவர்த்தனைக் கட்டணமும் சேரும், ஆனால் அது பெரும்பாலான நாட்களில் சிறிய தொகை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

2025-இல் உலக மொத்த ஹாஷ்ரேட் 1000 எக்ஸாஹாஷைத் தொட்டது (ஒரு எக்ஸாஹாஷ் பத்து லட்சம் டெராஹாஷ்). அதில் 200 டெராஹாஷின் பங்கு ஐம்பது லட்சத்தில் ஒன்று. 450 பிட்காயினில் அந்தப் பங்கு 0.00009 பிட்காயின், அதாவது 9000 சடோஷி (ஒரு சடோஷி என்பது பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). எளிமைக்காக ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாள் வருமானம் 9 டாலர், அதாவது 765 ரூபாய். நீங்கள் போடும்போது அன்றைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது 765-ஐ 84 யூனிட்டால் வகுங்கள். 9.10 ரூபாய் வரும். யூனிட் அதற்கு மேல் போனால் மெஷினை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான். இந்த எண்ணுக்கு 'பிரேக் ஈவன் கரண்ட்' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின்களை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் இல்லை. இதே கணக்கைப் பழைய எஸ்19-க்குப் போட்டால், 95 டெராஹாஷ், 3250 வாட், 4.65 ரூபாய் வரும். 2016-இல் வந்த எஸ்9-க்கு 13.5 டெராஹாஷ், 1320 வாட், 1.63 ரூபாய். 'எஸ்9 சீப்பாகக் கிடைக்கிறது' என்று சொல்பவருக்கு இந்த ஒரு எண் போதும்.

அடுத்தது, எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி. இந்த 9 டாலர் நிலையாக நிற்காது. 2016 பிளாக்குக்கு ஒரு முறை, சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டிஃபிகல்டி, அதாவது அந்தக் கணக்கின் கடினம், மாறும். உலகில் புது மெஷின்கள் கூடக்கூட உங்கள் பங்கு சுருங்கும்.

ஒரு உதாரணம். எஸ்21-ஐ ஒரு டெராஹாஷுக்கு 15 டாலர் வீதம் 3000 டாலருக்கு வாங்கி, யூனிட் 6.5 சென்ட் கட்டணத்தில் வெளிநாட்டு ஹோஸ்டிங்கில் (மின்சாரம் மலிவான இன்னொருவர் கிடங்கில்) வைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கரண்ட் 5.46 டாலர். பூலுக்கு (பல மைனர்கள் சேர்ந்து மைன் செய்து பரிசைப் பிரித்துக்கொள்ளும் குழு) கட்டணம் 2% போக வருமானம் 8.82. மிச்சம் 3.36 டாலர். கால்குலேட்டர் இதை வைத்து "893 நாளில் போட்ட பணம் திரும்பிவிடும்" என்று சொல்லும்.

இப்போது பிட்காயின் விலை அப்படியே நிற்க, வருமானம் மாதத்துக்கு வெறும் 2% குறைவதாக மட்டும் மாற்றிப் போடுங்கள். இரண்டு வருடத்துக்குள் வருமானம் கரண்ட் செலவுக்குச் சமமாகிவிடும். அதுவரை சேர்ந்த லாபம் மொத்தம் சுமார் 1170 டாலர். போட்டது 3000. பணம் திரும்பவே இல்லை. இடையில் ஹால்விங் வந்தால் பிளாக் பரிசு பாதியாகும். அடுத்தது 2028-இல்.

பிட்காயின் விலை ஏறினால் கணக்கு மாறும், உண்மைதான். ஆனால் விலை ஏறும் என்பதுதான் உங்கள் நம்பிக்கை என்றால், அதே 3000 டாலருக்கு நேரடியாக பிட்காயினே வாங்கி வைத்தால் என்ன கிடைக்கும் என்று அடுத்த வரியில் எழுதிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் மெஷின் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3. வரியை இப்போதே சேருங்கள்

இந்தியாவில் கிரிப்டோவை விற்கும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30% வரி, அதன் மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு சரிக்கட்டவும் முடியாது. 2022 ஜூலை முதல் விற்பனையில் 1% டிடிஎஸ் வேறு. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை 'வாங்கிய விலை'யாகக் கருத முடியாது என்று 2022 மார்ச்சில் மக்களவையில் அரசே பதில் சொல்லியிருக்கிறது.

அதாவது, நீங்கள் மைன் செய்த காயினின் வாங்கிய விலை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால், விற்ற தொகை முழுவதற்கும் 31.2% போகும். 765 ரூபாயில் 526 கையில் நிற்கும். பிரேக் ஈவன் கரண்ட் 9.10-இலிருந்து ஏறத்தாழ 6.25 ரூபாய்க்கு இறங்கிவிடும். மைனிங் வருமானத்தை எந்தத் தலைப்பில், எந்த நாளில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். சில இடங்களில் கரண்ட் செலவைக் கழிக்க முடியும், கணக்கு தலைகீழாக மாறும்.

4. எங்கே வைப்பீர்கள்?

மேலே உள்ள கணக்கைத் தாண்டி வந்தவர்களுக்கு இரண்டு வழி: சொந்த இடம், அல்லது ஹோஸ்டிங்.

சொந்த இடம் என்றால் முதலில் வயர். 3500 வாட் என்பது 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல், அதுவும் ஒரு நிமிடம் ஓயாமல். வீட்டில் ஏசி, ஹீட்டருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட் விட்டு விட்டு ஓடும் லோடுக்குத் தாங்கும். இதற்கு மெயினிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் வேண்டும். சாக்கெட் உருகிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே "இப்போதைக்கு இந்த பிளக்கில் போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்கியவை. இபி கார்டில் உள்ள சாங்க்ஷன் லோடையும் (அனுமதித்த மின் அளவு) பாருங்கள், மெஷின் சேர்ந்தால் அது தாண்டும்.

வோல்டேஜும் முக்கியம். எஸ்19 போன்றவற்றின் பவர் சப்ளை 200 முதல் 240 வோல்ட் வரைதான் கேட்கும். கோடைக்கால மாலையில் 200-க்குக் கீழே இறங்கும் ஊர்களும், நள்ளிரவில் 250 தொடும் ஊர்களும் நம்மிடம் உண்டு. ஒரு வாரம் வேளைக்கு வேளை அளந்து குறித்துவிட்டு ஸ்டெபிலைசர் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது சூடு. மெஷின் எடுக்கும் கரண்ட் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். 3.5 கிலோவாட் சூட்டை இழுக்க ஒரு டன் ஏசியின் முழுத் திறனும் வேண்டும், அந்த ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் வேறு எடுக்கும். ஆகவே ஏசி தீர்வாகாது. ஒரு பக்கம் வெளிக்காற்று உள்ளே வரவும், மறுபக்கம் சூடான காற்று எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகவும் வழி வேண்டும். வெளியே போன காற்று சுற்றி மறுபடி உள்ளே வராதபடி தடுப்பு வையுங்கள், புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடலோர ஊர்களில் உப்புக்காற்று போர்டை அரிக்கும். மாவு மில், மர இழைப்பகம் பக்கத்தில் தூசி அடைக்கும்.

சத்தம் 75 டெசிபல் அளவு. குடியிருப்பில் வைக்க முடியாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹோஸ்டிங் என்றால் நீங்கள் மெஷினை வாங்கி, மலிவு மின்சாரம் உள்ள இன்னொருவர் கிடங்கில் வைக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: யூனிட் விலை எல்லாச் செலவும் சேர்த்தா, மெஷின் நின்ற நேரத்துக்கும் பில் உண்டா, ரிப்பேர் யார் செலவு, கட்டணத்தை அவர்கள் உயர்த்தினால் நீங்கள் அபராதமின்றி வெளியேறலாமா, எல்லாவற்றுக்கும் மேலாக சீரியல் நம்பர் வாரியாக மெஷின் உங்களுடையது என்ற வாசகம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான கம்ப்யூட் நார்த் திவால் மனு போட்டது. அப்படிப்பட்ட நாளில் எந்தப் பெட்டி யாருடையது என்று காட்டுவது இந்தச் சீரியல் நம்பர்தான்.

மெஷினே வாங்காமல் 'கிளவுட் மைனிங்கில் பங்கு, மாதம் நிச்சய வருமானம்' என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுங்கள். 2015-இல் தொடங்கிய கெயின்பிட்காயின் 18 மாதங்களுக்கு மாதம் 10% என்று சொல்லித்தான் இந்தியா முழுவதும் பணம் திரட்டியது. சிபிஐ விசாரிக்கும் வழக்காக அது முடிந்தது. மைனிங் வருமானம் நிச்சயமாக இருக்கவே முடியாது என்பதை மேலே கணக்கில் பார்த்தீர்கள்.

5. இப்போது மாடல்

பிட்காயினுக்கு மூன்று தயாரிப்பாளர்களின் பெயர் தெரிந்தால் போதும்: பிட்மெயினின் ஆன்ட்மைனர், மைக்ரோபிடியின் வாட்ஸ்மைனர், கானனின் அவலான். வேகத்தைப் பார்த்து மயங்காமல், ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் என்று பாருங்கள். வாட்டை டெராஹாஷால் வகுத்தால் வரும். எஸ்9-க்கு 98, எஸ்19-க்கு 34, எஸ்21-க்கு 17.5, எஸ்21 ப்ரோவுக்கு 15. இந்த எண் எவ்வளவு குறைவோ, டிஃபிகல்டி ஏறும்போது அத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் சொற்களைக் கவனியுங்கள். ஹைட்ரோ என்றிருந்தால் தண்ணீரில் குளிரும் மெஷின். மூன்று ஃபேஸ் மின்சாரமும் தனிக் குளிர்விப்பு அமைப்பும் இல்லாமல் அதை ஆன் செய்யவே முடியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

பிட்காயின் அல்லாத காயின் மெஷின்களில் இன்னும் நிதானம் வேண்டும். லைட்காயினையும் டோஜ்காயினையும் சேர்த்தே மைன் செய்யும், ஸ்கிரிப்ட் (scrypt) என்ற வேறு கணக்கைப் போடும் மெஷின்கள் ஓரளவு நிலைத்தவை. மற்றபடி ஒற்றைக் காயினை நம்பும் மெஷின் அந்தக் காயினோடு சாகும். எத்தீரியத்துக்கான ஆன்ட்மைனர் இ9 விற்பனைக்கு வந்தது 2022-இல். அதே வருடம் செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது.

கற்றுக்கொள்ள மட்டும் ஒன்று வேண்டும் என்றால் அவலான் நானோ 3 போன்ற 140 வாட் மெஷின் போதும். 4 டெராஹாஷுக்கு மேலே சொன்ன கணக்குப்படி நாளுக்கு 15 ரூபாய் வரும், கரண்ட் அதைவிடக் கூடுதலாகும். படிப்புச் செலவு என்று வைத்து வாங்கினால் தப்பில்லை.

6. விற்பவரைச் சோதியுங்கள்

தயாரிப்பாளரின் தளத்தில் நேரடியாக வாங்குவதே முதல் வழி. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கையோ தொடாதீர்கள், ஒரே எழுத்து மாறிய போலித் தளங்கள் நிறைய. கிரிப்டோவில் பணம் அனுப்பினால் திரும்ப வாங்க எந்த வங்கியும் உதவாது.

முன்பதிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அந்த மாதங்களிலும் டிஃபிகல்டி நகரும். அதனால் இரண்டாம் படியின் கணக்கை மெஷின் கைக்கு வரும் மாதத்திலிருந்து போடுங்கள்.

இடைத்தரகர் என்றால் நிறுவனப் பெயர், ஜிஎஸ்டி எண், அதே பெயரில் வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்த வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தை விலையைவிட முப்பது நாற்பது சதவீதம் குறைவாக யாரும் நல்ல மெஷினைத் தர மாட்டார்கள். நாளைக்கே பணம் சம்பாதிக்கும் பொருளை இன்று ஏன் அப்படித் தள்ளிவிட வேண்டும்?

7. பழைய மெஷின் என்றால்

பெட்டியின் படம் போதாது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளோடு சீரியல் நம்பர் தெரியும் வீடியோ கேளுங்கள். அப்புறம் மெஷின் தன் ஓட்டத்தை எழுதி வைக்கும் கெர்னல் லாக் என்ற பதிவு முழுவதையும் கேளுங்கள். எஸ்19-இல் மூன்று ஹாஷ்போர்டு (சிப்கள் பொருத்திய பலகை), ஒவ்வொன்றிலும் 76 சிப். லாகில் மூன்று போர்டுக்கும் 76 என்று வர வேண்டும். 75 என்று வந்தால் அந்தப் போர்டு ரிப்பேருக்குப் போகப் போகிறது. ஒரு போர்டு செத்தால் மூன்றில் ஒரு பங்கு வருமானம் போய்விடும்.

முடிந்தால் 24 மணி நேர ஓட்டத்தின் பூல் வரைபடத்தையும் பாருங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி, சூடேறியதும் விழும் மெஷின்கள் அதில் மாட்டிக்கொள்ளும்.

8. சுங்கமும் சரக்கும்

தொழிலுக்காக இறக்குமதி செய்ய ஐஇசி எண் (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு) தேவை. சரக்குக்கு 18% ஐஜிஎஸ்டி உண்டு. எந்த எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அடிப்படைச் சுங்க வரி மாறும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு தேவைப்படுமா என்ற கேள்வியும் எழும். பழைய மின்னணுச் சாமானுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆர்டர் போடுவதற்கு முன்பே, மாடல் பெயரோடு ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். துறைமுகத்தில் பெட்டி நின்றபின் கேட்டால் ஒவ்வொரு நாளும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும்.

விலையைக் குறைத்து பில் போட்டுத் தருவதாக விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்கு, வழியில் தொலைந்தால் இன்சூரன்ஸும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

9. பெட்டி வந்த நாள்

பிரிப்பதைத் தொடக்கம் முதல் வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், வாரன்டி கேட்கும்போது அதுதான் ஆதாரம். உடனே ஆன் செய்யாதீர்கள். லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே எதாவது உருண்டால் சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் கழன்றிருக்கும். அதோடு கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகும். ஃபேன் இறக்கை, கேபிள் இணைப்பு எல்லாம் இறுகியிருக்கிறதா என்று பார்த்தபின் நெட்வொர்க் வயர், அப்புறம் பவர்.

பழைய மெஷின் என்றால் பூல் விவரம் போடும் முன்பு ஃபர்ம்வேரை (மெஷினை இயக்கும் மென்பொருள்) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போடுங்கள். ஹாஷ்ரேட்டில் ஒரு பங்கை அமைதியாக வேறொருவர் வாலட்டுக்கு (பிட்காயின் வைக்கும் பை) திருப்பும் ஃபர்ம்வேர்கள் உலவுகின்றன. கடவுச்சொல்லை மாற்றுங்கள். மெஷினோடு வரும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஊர் அறிந்தவை.

10. பூலும் வாலட்டும்

200 டெராஹாஷோடு தனியாக மைன் செய்தால் மேற்கண்ட கணக்குப்படி ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 95 வருடம் ஆகும். அதனால் பூல். எஃப்பிபிஎஸ் முறையில் பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் உழைப்புக்குத் தினமும் கூலி வரும், கட்டணம் சற்றுக் கூடுதல். பிபிஎல்என்எஸ் முறையில் பூலின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டியவர்கள் முதல் முறையை எடுங்கள். மெஷினில் மூன்று பூல் எழுத இடம் இருக்கும். இரண்டாவதையும் நிரப்புங்கள், இல்லாவிட்டால் பூல் விழும் நேரத்தில் மெஷின் சும்மா சூடேறிக்கொண்டிருக்கும்.

குறைந்தபட்ச பேஅவுட் (பூல் உங்கள் வாலட்டுக்கு அனுப்பும் தொகை) எவ்வளவு என்று பாருங்கள். முதல் பேஅவுட் உங்கள் சொந்த வாலட்டுக்கு வந்து சேரும்வரை இரண்டாவது மெஷின் ஆர்டர் போட வேண்டாம்.

11. ஓடத் தொடங்கியபின்

ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ தினமும் நான்கு எண்: வந்த சடோஷி, அன்றைய ரூபாய் மதிப்பு, மீட்டர் ரீடிங், மெஷின் நின்ற நேரம். வரிக் கணக்குக்கு இது எப்படியும் தேவை. பெரிய பயன் வேறு. பிரேக் ஈவன் கரண்ட் உங்கள் யூனிட் விலையை நெருங்குவது சில வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும்.

மெஷினை விற்பதற்கான நேரம் அதுதான். அது உங்கள் கரண்ட் விலையில் நஷ்டமாகும் நாளிலும், யூனிட் மலிவான இடத்தில் இருக்கும் இன்னொருவருக்கு லாபம் தரும். அவர் இருக்கும்வரை விலை உண்டு. பிட்காயின் விலை மளமளவென்று ஏறும் வாரங்களில் பழைய மெஷினுக்கும் ஆள் வரிசையில் நிற்பார்கள். ஹால்விங் நெருங்கிவிட்டால் கேட்க ஆள் குறைவு. சீரியல் நம்பர், வாங்கிய பில், சுத்தமான கெர்னல் லாக் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் விற்கும் நாளில் பேரம் உங்கள் பக்கம் இருக்கும்.